லாக் பைல் யாருக்குச் சொந்தம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய அனைவரும் என்றாவது ஒரு நாள் இந்தச் செய்தியைச் சந்தித்தே தீருவார்கள். ஏதேனும் ஒரு புரோகிராமில் மும்முரமாகப் பணியாற்றிக் கொண்டிருப்பீர்கள். திடீரெனத் திரையின் நடுவே சிறிய கட்டம் ஒன்று தோன்றும். "எதிர்பாராத தவறு ஏற்பட்டுவிட்டது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் புரோகிராம் மூடப்படும். என்ன தவறு, எதனால் வந்தது, மீண்டும் வருமா என்பது எதுவும் நமக்குத் தெரியாது.

ஆனால் பல நேரங்களில் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்தக் கட்டம் தோன்றுவதற்கு முன்பாகவே, நடந்தவற்றை ஒரு பைலில் அது எழுதி வைத்திருக்கும். அதுதான் லாக் பைல். இந்தப் பைல் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் என்னைப் போன்ற சாப்ட்வேர் இஞ்சினியர்கள். அதில் நாங்கள் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள் உங்கள் ஹார்ட் டிஸ்க், பாஸ்வேர்ட், மன நிம்மதி வரை வந்து தொடுகின்றன. அதனால்தான் எங்கள் தொழில் சார்ந்த இந்த விஷயத்தைப் புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களிடம் பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். லாக் பைல் என்பது கம்ப்யூட்டரின் உரிமையாளருக்குச் சொந்தமான நோட்டுப் புத்தகம். அதில் எழுத வருகின்ற புரோகிராம்கள் எல்லாம் விருந்தாளிகள். விருந்தாளி எப்படி நடந்து கொள்ள வேண்டுமோ, அப்படித்தான் அவை நடந்து கொள்ள வேண்டும்.

கப்பலில் இருந்து வந்த சொல்

லாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். இது எப்படிக் கம்ப்யூட்டருக்குள் வந்தது? பழைய நாளில் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். மணல் கடிகாரத்தில் ஏறத்தாழ அரை நிமிடம் கழிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையை விட்டுச் செல்கின்றன என்று எண்ணி, அதை ஒரு புத்தகத்தில் குறித்து வைப்பார்கள். அந்தப் புத்தகம் லாக் புக் ஆயிற்று. கப்பலின் வேகம் இன்றும் நாட், அதாவது முடிச்சு, என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது.

கம்ப்யூட்டர் லாக் பைலும் இதே வேலையைத்தான் செய்கிறது. எத்தனை மணிக்கு, எந்தப் புரோகிராம், என்ன செய்தது என்று ஒவ்வொரு வரியாகக் குறித்து வைக்கிறது. பெரும்பாலான லாக் பைல்கள் சாதாரண டெக்ஸ்ட் பைல்களே. நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

லைப்ரரி என்பது என்ன?

நீங்கள் பயன்படுத்தும் எந்தப் புரோகிராமும் முழுக்க முழுக்க ஒரே நிறுவனத்தால் எழுதப்படுவதில்லை. போட்டோ ஆல்பம் புரோகிராம் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். படத்தைத் திறப்பதற்கு ஒருவர் எழுதிய துண்டு, அளவைக் குறைப்பதற்கு வேறொருவர் எழுதிய துண்டு, இணையத்தில் ஏற்றுவதற்கு மூன்றாமவர் எழுதிய துண்டு எனப் பல துண்டுகள் அதில் சேர்ந்திருக்கும். இப்படிப் பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுதப்படும் துண்டுக்கு லைப்ரரி என்று பெயர். லைப்ரரியும் புரோகிராமும் பேசிக் கொள்வதற்கு வைத்திருக்கும் வாசல் இன்டர்பேஸ்.

நான் பணியாற்றும் இடத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பைதான் மொழியில், படங்களின் அளவைக் குறைத்துத் தரும் சிறிய லைப்ரரி ஒன்றை எழுதி வருகிறோம். படத்தைச் சுருக்கும் கணக்கில் எங்களுக்குள் சண்டை இல்லை. அந்த லைப்ரரி லாக் எழுதுவதற்கு எத்தகைய இன்டர்பேஸ் வைப்பது என்பதில்தான் இரண்டு வாரங்கள் வாதம் செய்தோம். ஒருவர், தவறு நேர்ந்தால் உடனே ஈமெயில் அனுப்பும் வசதி வேண்டும் என்றார். மற்றொருவர், வரிகளைப் பல வண்ணங்களில் காட்ட வேண்டும் என்றார். இன்னொருவர், லைப்ரரி தானே ஒரு போல்டரை உருவாக்கி, அதில் தினம் ஒரு பைல் எழுத வேண்டும் என்றார்.

இவை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரைக் கேட்காமல் அலமாரியைத் திறந்து பொருட்களை மாற்றி வைப்பதில்லை அல்லவா? லைப்ரரி, "இது நடந்தது" என்று சொல்வதோடு நின்று கொள்ள வேண்டும். அதைப் பைலில் எழுதுவதா, திரையில் காட்டுவதா, காதில் வாங்காமல் விட்டு விடுவதா என்பதை அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் புரோகிராம் முடிவு செய்யட்டும். அந்தப் புரோகிராமும் அதைத் தன் செட்டிங்ஸ் மூலமாக உங்களிடம் விட வேண்டும்.

எத்தனை நிலைகள் வேண்டும்?

லாக்கில் எழுதப்படும் வரிகள் அனைத்தும் ஒரே முக்கியத்துவம் கொண்டவை அல்ல. "படம் திறக்கப்பட்டது" என்பது ஒரு தகவல். "டிஸ்க்கில் இடம் குறைந்து வருகிறது" என்பது எச்சரிக்கை. எனவே ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலை தரப்படுகிறது.

எத்தனை நிலைகள் என்பதில் எங்கள் துறையில் ஒற்றுமையே கிடையாது. 1980களில் எரிக் ஆல்மன் என்பவர், சென்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காக சிஸ்லாக் என்ற முறையை உருவாக்கினார். பின்னர் யூனிக்ஸ் உலகம் முழுவதும் பரவிய இந்த முறையில் எட்டு நிலைகள் உண்டு. 2002-ல் ஜாவா மொழி தன் 1.4 பதிப்பில் கொண்டு வந்த லாக் வசதியில் ஏழு நிலைகள். 2003 ஜூலையில் வெளியான பைதான் 2.3 பதிப்பில் இடம் பெற்ற லாகிங் வசதியில் ஐந்து நிலைகள். வினய் சாஜிப், ட்ரென்ட் மிக் ஆகிய இருவரும் இதற்கான திட்டத்தை எழுதினார்கள். கோ மொழி வல்லுநரான டேவ் செனே, 2015-ல், இரண்டே நிலைகள் போதும் என்று வாதிட்டார். ஒன்று பயன்படுத்துபவருக்கு, மற்றொன்று புரோகிராம் எழுதுபவருக்கு. அதே கோ மொழி, 2023 ஆகஸ்ட்டில் வெளியான 1.21 பதிப்பில் நான்கு நிலைகளுடன் புதிய லாக் வசதியைத் தந்தது.

ஒரு லைப்ரரிக்கு மூன்று நிலைகள் போதும் என்பது என் முடிவு. புரோகிராம் எழுதுபவருக்கான நுணுக்கம், பொதுவான தகவல், எச்சரிக்கை. அவ்வளவுதான். "எர்ரர் எங்கே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். எர்ரர் என்று முத்திரை குத்தும் உரிமை லைப்ரரிக்குக் கிடையாது என்பதே என் பதில்.

ஏன் என்று விளக்குகிறேன். ஆல்பம் புரோகிராம் ஒரு பைலைத் தந்து, "இது ஜேபெக் படமா, திறந்து பார்" என்று லைப்ரரியிடம் கேட்கிறது. அது ஜேபெக் அல்ல. லைப்ரரியைப் பொறுத்தவரை இது தோல்வி. ஆனால் ஆல்பம் புரோகிராம் அடுத்து, "அப்படியானால் பிஎன்ஜி படமா?" என்று கேட்கிறது. படம் திறந்து விடுகிறது. நீங்கள் படத்தைப் பார்த்து மகிழ்கிறீர்கள். இங்கு எர்ரர் எங்கே இருக்கிறது? லைப்ரரி அவசரப்பட்டு லாக்கில் எர்ரர் என்று எழுதியிருந்தால், நலமாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு நோய் இருப்பதாகப் பொய்ச் சான்று கொடுத்தது போலாகும். லைப்ரரி, தன்னால் முடியவில்லை என்பதைத் தன்னை அழைத்த புரோகிராமிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். அது எர்ரரா இல்லையா என்பது அந்தப் புரோகிராமுக்குத்தான் தெரியும். மேலும், லைப்ரரியும் எழுதி, புரோகிராமும் எழுதினால், ஒரே தவறு லாக்கில் இரண்டு தவறுகளாகத் தெரியும்.

சிவப்புக் குறியைக் காட்டி ஏமாற்றுபவர்கள்

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் சிஸ்டத்தில் ஈவன்ட் வியூவர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. 3.1 காலத்திலிருந்தே இது உள்ளது. சிஸ்டத்தில் நடப்பவற்றை எல்லாம் காட்டும் இதனை எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், நேற்று வாங்கியதாக இருந்தாலும், சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களும் வரிசையாக நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. இதில் அடிக்கடி வரும் 10016 என்ற எண் கொண்ட பதிவைப் பற்றி, இது சிஸ்டம் வடிவமைப்பின்படியே ஏற்படுவது, கண்டு கொள்ளாமல் விட்டு விடலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே விளக்கம் தந்துள்ளது.

இந்தச் சிவப்புக் குறிகள் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகப் போய்விட்டன. "மைக்ரோசாப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று போன் வரும். ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் நாம் பயந்து விடுவோம். பிறகு அவர்கள் சொல்லும் புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, கம்ப்யூட்டரைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக் கொண்டு, பணமும் கேட்பார்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய கும்பல்கள் மீது ஆறு வழக்குகளைத் தொடர்ந்ததாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை என்பது நமக்குத் தலைகுனிவு. இந்த மோசடி இன்னும் ஓயவில்லை.

ஏமாற்றியவர்கள் குற்றவாளிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எச்சரிக்கைக்கும் எர்ரருக்கும் வித்தியாசம் பார்க்காமல் முத்திரை குத்திய எங்கள் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. எதற்கெடுத்தாலும் சிவப்பு விளக்கு எரிந்தால், உண்மையான ஆபத்து வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மௌனமாக இருக்கவும் தெரிய வேண்டும்

அடுத்த விதி, கேட்டால் ஒழியப் பேசாதே என்பது. லைப்ரரியை இன்ஸ்டால் செய்தவுடன், அது எங்கும் எதையும் எழுதக் கூடாது. பைதான் மொழியின் விளக்கக் குறிப்புகளே இதைத்தான் சொல்கின்றன. லைப்ரரி எழுதுபவர்கள், வரும் செய்திகளை ஒன்றும் செய்யாமல் விட்டு விடும் நல் ஹேண்ட்லர் என்பதை மட்டும் இணைக்கலாம், வேறு எதையும் இணைக்கக் கூடாது என்பது அதன் அறிவுரை. 2010-ல் வந்த பைதான் 2.7 பதிப்பிலும், அதற்கு முந்தைய ஆண்டு வந்த 3.1 பதிப்பிலும் இந்த வசதி தரப்பட்டது.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, பில் போடுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஓராண்டு முடிவதற்குள், "தம்பி, இடம் இல்ல, இடம் இல்லன்னு சொல்லுது. நான் பில்லைத் தவிர ஒண்ணுமே போடலியே, ஒரு பாட்டுகூட வைக்கல" என்று என்னிடம் வந்தார். 256 ஜிபி டிஸ்க். பார்த்தால், பில்லிங் புரோகிராமின் போல்டருக்குள் ஒரே ஒரு லாக் பைல் மட்டும் 140 ஜிபியை நிரப்பிக் கொண்டிருந்தது. ஒரு சோப்புக்குப் பில் போட்டால் முப்பது வரிகள் எழுதப்பட்டிருந்தன. புரோகிராமைச் சோதனை செய்யும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய நுணுக்க நிலையை அணைக்காமலேயே விற்றிருக்கிறார்கள். விற்ற நிறுவனத்துக்கு அண்ணாச்சி போன் செய்த போது, புதிய டிஸ்க் வாங்கிப் போடுங்கள் என்று சொன்னார்களாம். புரோகிராமை மூடி, அந்தப் பைலை அழித்து, செட்டிங்ஸ் பைலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். ஒரு ரூபாய் செலவில்லை.

லாக்கிற்கு அளவு வரம்பு வைப்பது கடினமான காரியமும் அல்ல. பைதானில் ரொட்டேட்டிங் பைல் ஹேண்ட்லர் என்ற வசதி உள்ளது. குறிப்பிட்ட அளவை எட்டியதும் புதிய பைலைத் தொடங்கி, நாம் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் உள்ள பழைய பைல்களை அது அழித்து விடும். விண்டோஸ் தன்னுடைய அப்ளிகேஷன் லாக்கிற்கு வழக்கமாக 20 எம்பி வரம்பு வைத்து, நிறைந்தவுடன் பழைய பதிவுகளின் மேல் எழுதுகிறது. இவ்வளவு பெரிய சிஸ்டத்துக்கே 20 எம்பி போதும் எனில், மளிகைக் கடைப் பில்லுக்கு 140 ஜிபி எதற்கு?

கொடுத்ததை அப்படியே எழுது

லாக் எழுதும் லைப்ரரி, கொடுத்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். அதற்குப் பொருள் தேடக் கூடாது. இது மூன்றாவது விதி. இதைக் கடைப்பிடிக்காததால் உலகமே ஆட்டம் கண்ட சம்பவம் 2021-ல் நடந்தது.

ஜாவா மொழியில் மிகப் பிரபலமான லாக் லைப்ரரி லாக்4ஜே. அதன் இரண்டாம் பதிப்பில், 2013-ல், ஒரு கூடுதல் வசதி சேர்க்கப்பட்டது. எழுத வேண்டிய வாக்கியத்துக்குள் குறிப்பிட்ட அடையாளங்களோடு ஒரு முகவரி இருந்தால், லைப்ரரி அந்த முகவரிக்குச் சென்று விவரம் பெற்று வரும். கேட்பதற்கு நல்ல வசதி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியவர் முன்பின் தெரியாதவராக இருந்தால்? மைன்கிராப்ட் என்ற விளையாட்டின் ஜாவா பதிப்பில் இதுதான் நடந்தது. ஆடுபவர்கள் அரட்டையில் டைப் செய்வது லாக்கில் எழுதப்படும். யாரோ ஒருவர் அரட்டையில் அந்த அடையாளங்களோடு ஒரு வரி டைப் செய்தால் போதும். லைப்ரரி அவருடைய கம்ப்யூட்டருக்குச் சென்று, அவர் வைத்திருக்கும் புரோகிராமைக் கொண்டு வந்து, இங்கே இயக்கி விடும்.

லாக்4ஷெல் என்று பெயரிடப்பட்ட இந்த ஓட்டை 2021 டிசம்பர் 9-ல் வெளியே தெரிந்தது. ஆபத்தின் அளவில் இதற்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் தரப்பட்டது. லாக்4ஜே எண்ணற்ற புரோகிராம்களுக்குள் அமர்ந்திருந்ததால், கிறிஸ்துமஸ் விடுமுறையை விட்டுவிட்டு உலகெங்கும் இஞ்சினியர்கள் தங்கள் சர்வர்களில் அதைத் தேடிக் கொண்டிருந்தார்கள். அதே மாதம் வெளியான 2.16 பதிப்பில், வாக்கியத்துக்குள் பொருள் தேடும் வசதியே நீக்கப்பட்டது.

எழுதுபவன் எழுத்தராகவே இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. எளிமை என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல. இல்லாத வசதியில் ஓட்டை விழ முடியாது.

எதை எழுதக் கூடாது?

2018 மே மாதம், அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இயங்கிய இன்றைய எக்ஸ் நிறுவனம், தன் பயனாளர்கள் அனைவரிடமும் பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ளும்படி கேட்டுக் கொண்டது. அப்போது அவர்களின் எண்ணிக்கை 33 கோடிக்கும் மேல். காரணம் என்ன? பாஸ்வேர்ட்கள் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்கப்படும். ஆனால் அப்படி உருமாற்றுவதற்கு முன்பாகவே, அவை நிறுவனத்தின் உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுவிட்டன. வெளியார் யாரும் அதைப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை என்று நிறுவனம் கூறியது. இருப்பினும், பூட்டிய வீட்டின் சாவி திண்ணையில் கிடந்த கதைதான் இது.

இதில் சிக்கலான ஒரு பகுதியும் உண்டு. எதுவுமே சொல்லாத லாக்கினால் பயனில்லை. "படத்தைத் திறக்க முடியவில்லை" என்று மட்டும் இருந்தால் எந்தப் படம் என்று எப்படித் தெரியும்? "அக்கா கல்யாணம் 12 என்ற படம் பாதியில் முடிந்துவிட்டது, 32 லட்சம் பைட்கள் இருக்க வேண்டிய இடத்தில் 18 லட்சம் மட்டுமே உள்ளன" என்று இருந்தால், காப்பி செய்யும்போது பென் டிரைவை முன்கூட்டியே எடுத்திருக்கிறோம் என்று புரிந்துவிடும். ஆனால் பைலின் முழு முகவரியை எழுதினால், விண்டோஸில் யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள போல்டரும் சேர்ந்து வரும். லாக் பைலை முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பும்போது, உங்கள் பெயரும் போல்டர்களின் பெயர்களும் உடன் செல்லும். எனவே எங்கள் லைப்ரரியில் பைல் பெயரை மட்டும் எழுதுவது, அது இருக்கும் இடத்தை எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். படத்துக்குள் பதிந்திருக்கும், அது எடுக்கப்பட்ட இடத்தின் விவரத்தையும் தொடுவதில்லை. இதனால் எங்களுக்குத் தவறைத் தேடுவதில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். ஆகட்டும். நோட்டுப் புத்தகம் உங்களுடையது.

மறுப்பவர்கள் சொல்வது

என் கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலாவது, பெரிய நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஓடுகின்றன. அங்கே லாக்கை மனிதர்கள் படிப்பதில்லை. வேறு புரோகிராம்கள்தாம் படிக்கின்றன. எனவே வாக்கியமாக எழுதாமல், பெயரும் மதிப்புமாகப் பட்டியல் போல் எழுத வேண்டும் என்கிறார்கள். கோ மொழியின் புதிய வசதி இதற்காகவே வந்தது. நான் இதை மறுக்கவில்லை. எங்கள் லைப்ரரியும் ஒவ்வொரு செய்தியோடும் சில பெயர்-மதிப்பு ஜோடிகளைத் தருகிறது. அதை எப்படி அடுக்குவது என்பதை மட்டும் புரோகிராமிடம் விட்டு விடுகிறது.

இரண்டாவது, "வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் லாக் பைலையா படிக்கப் போகிறார்?" என்ற கேள்வி. இதை நான் ஏற்க மாட்டேன். காரின் இஞ்சினை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் மெக்கானிக் பிரிக்கும்போது அருகில் நிற்கும் உரிமை நமக்கு உண்டு. நீங்கள் லாக்கை முழுவதும் புரிந்து கொள்ள வேண்டியதில்லை. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் எடுக்கிறது, யாருக்கு அனுப்புகிறோம், அதில் என்ன செல்கிறது என்று தெரிந்திருந்தால் போதும். உங்கள் மொழியில் இல்லாத வரியாக இருந்தாலும், ஒவ்வொரு வகைச் செய்திக்கும் மாறாத எண் ஒன்று தரப்பட்டிருந்தால், அந்த எண்ணை வைத்து நீங்களே விளக்கம் தேடலாம். மேலே 10016 என்று பார்த்தோமே, அது போல. எங்கள் லைப்ரரியிலும் இதைச் சேர்த்திருக்கிறோம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஈவன்ட் வியூவரை ஒரு முறை திறந்து பாருங்கள். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ் என்பதனை விரித்து, அப்ளிகேஷன் என்பதில் கிளிக் செய்திடவும். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு புரோகிராம் முடங்கினால், அது முடங்கிய நேரத்தைக் குறித்துக் கொண்டு, அந்த நேரத்தில் உள்ள பதிவை மட்டும் பாருங்கள். அதில் உள்ள எண்ணையும் புரோகிராம் பெயரையும் எழுதி வைத்தால், உதவி கேட்கும்போது பாதி வேலை முடிந்துவிடும். இதைவிட எளிதாக வேண்டுமெனில், கண்ட்ரோல் பேனலில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்பதைத் தேடித் திறக்கவும். எந்த நாளில் எந்தப் புரோகிராம் முடங்கியது என்று நாள்காட்டி போல வரிசையாகக் காட்டும்.

யாரேனும் போனில் அழைத்து ஈவன்ட் வியூவரைத் திறக்கச் சொன்னால், உடனே போனை வைத்து விடுங்கள். மைக்ரோசாப்ட் தானாக யாருக்கும் போன் செய்து வைரஸ் இருப்பதாகச் சொல்வதில்லை. பணத்தை இழந்திருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் தரலாம்.

லாக் பைலை யாருக்கேனும் அனுப்பும் முன் நோட்பேடில் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, உங்கள் பெயர், ஈமெயில் முகவரி, போன் எண் ஆகியவற்றைத் தேடுங்கள். இருந்தால் நீக்கிவிட்டு அனுப்புங்கள். பாஸ்வேர்ட் இருந்தால், பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். பிறகு அந்தப் புரோகிராமையே மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். லாக் பைல் எந்தப் போல்டரில் எழுதப்படுகிறது? அதற்கு அளவு வரம்பு உண்டா? அதை அணைக்கவும் குறைக்கவும் என்னால் முடியுமா? விற்பவர் திருதிருவென்று விழித்தால், அண்ணாச்சியின் 140 ஜிபியை நினைத்துக் கொள்ளுங்கள்.

பைதான் கற்றுக் கொண்டிருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தவறைக் கண்டுபிடிக்க எல்லா இடத்திலும் பிரிண்ட் கட்டளையைப் போட்டு, பிறகு ஒவ்வொன்றாக அழித்துக் கொண்டிருக்க வேண்டாம். பைதானுடன் இலவசமாகவே வரும் லாகிங் வசதியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்திப் பழகுங்கள். நாளை நீங்கள் எழுதும் புரோகிராம் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் ஓடப் போகிறது. அந்த நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதும் முன், "இது அவருக்குப் பயன்படுமா, இல்லை பயமுறுத்துமா?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரியாத வரியை எழுதாமல் விடுவதே நல்லது.